ஆளுநரின் கடிதமும் அறுவை அரங்கும்: கலிஃபோர்னியா மயக்க மருந்துச் செவிலியர் வழக்கு

2009-ஆம் ஆண்டின் நடுவில் கலிஃபோர்னியா ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் மத்திய அரசு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார். சினிமாவில் நாம் பார்த்த அதே அர்னால்ட்தான். கடிதத்தின் சாரம் மூன்று வரிகளில் அடங்கிவிடும். மாநில மருத்துவ வாரியத்தையும் செவிலியர் வாரியத்தையும் கலந்து ஆலோசித்தேன். இந்த முடிவு மாநில மக்களின் நலனுக்கு உகந்தது. மாநிலச் சட்டத்துக்கும் இது ஒத்துப்போகிறது. இந்த மூன்றையும் ஓர் ஆளுநர் எழுதிக் கொடுத்துவிட்டால், மயக்க மருந்து கொடுக்கும் செவிலியரை ஒரு மருத்துவர் மேற்பார்வையிட்டே ஆக வேண்டும் என்ற மத்திய விதியிலிருந்து அந்த மாநிலம் விலகிக்கொள்ளலாம். அப்படி விலகிய 15-ஆவது மாநிலம் கலிஃபோர்னியா.

அடுத்த ஆண்டே மாநில மயக்கவியல் மருத்துவர்கள் சங்கமும் கலிஃபோர்னியா மருத்துவர் சங்கமும் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. கடிதத்தின் மூன்றாவது வரி பொய், ஆகவே கடிதத்தைத் திரும்பப் பெற ஆளுநருக்கு உத்தரவிட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

ஆளுநர் என்றதும் தில்லி அனுப்பி வைத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்க மாநில ஆளுநர் ஓட்டு வாங்கி வருபவர். அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு நிகரானவர். ஆனாலும் ஒரு தொழிலின் எல்லையைத் தன் கையெழுத்தால் விரிக்க அவருக்கும் உரிமை கிடையாது. அது சட்டசபையின் வேலை. இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் இதைத்தான் தவறவிடுகிறார்கள். செவிலியர்களுக்கு 2009-இல் சுதந்திரம் கிடைத்தது என்கிறது ஒரு தரப்பு. நோயாளியின் பாதுகாப்பு 2009-இல் பறிபோனது என்கிறது எதிர்த் தரப்பு. ஆவணங்களை வரிசையாக வைத்துப் படித்தால், அந்தக் கடிதம் யாருக்கும் புதிதாக ஓர் உரிமத்தையும் கொடுக்கவில்லை, யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை என்று தெரியும். அது செய்த வேலை மிகச் சிறியது. செய்யாமல் விட்டதுதான் பெரியது. அது பதினைந்து ஆண்டுகள் கழித்து மொடெஸ்டோ நகரில் வெடித்தது.

உரிமம் என்பது எது

நம் நாட்டில் மயக்க மருந்து கொடுப்பவர் மருத்துவராகவே இருப்பார் என்று பழகியவர்களுக்கு இந்தத் தொழிலே வியப்பாக இருக்கும். அமெரிக்காவில் மயக்கவியல் மருத்துவர், மயக்க மருந்துச் செவிலியர் என இரு பிரிவினரும் இந்த வேலையைச் செய்கிறார்கள். செவிலியர் இந்த இடத்துக்கு வரும் வழி நீளமானது. முதலில் செவிலியர் பட்டமும் மாநிலப் பதிவும் வேண்டும். பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு முழுநேர அனுபவம். அதன் பிறகு அங்கீகாரம் பெற்ற பயிற்சித் திட்டத்தில் மூன்று ஆண்டுகள். அதில் 2,000 மணி நேரத்துக்குக் குறையாத மருத்துவமனைப் பயிற்சி. 2022 முதல் புதிதாகச் சேருகிற எவரும் முனைவர் நிலைப் பட்டத்துடன்தான் வெளியே வர முடியும். இறுதியில் தேசியச் சான்றிதழ்த் தேர்வு.

இவ்வளவும் முடித்து வந்தாலும் கையில் இருப்பது சான்றிதழ் மட்டுமே. அதை வேலை செய்யும் உரிமையாக மாற்றிக் கொடுப்பது மாநிலம். கலிஃபோர்னியாவில் பதிவுபெற்ற செவிலியர் வாரியம் இரண்டு தாள்களைக் கொடுக்கிறது: ஒன்று சாதாரணச் செவிலியர் உரிமம், மற்றொன்று மயக்க மருந்துச் செவிலியர் சான்று. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அறுவை அரங்குக்குள் போக முடியாது. பல மாநிலங்கள் ஒன்றுக்கொன்று உரிமத்தை ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கலிஃபோர்னியா சேரவில்லை. டெக்சாஸில் பலமாநில உரிமம் வாங்கிய செவிலியர் கலிஃபோர்னியாவுக்கு வீடு மாறினால், பெட்டி பிரிப்பதற்கு முன்பே விண்ணப்பம் போட்டாக வேண்டும். அந்த ஒப்பந்தமும் சாதாரணச் செவிலியர் உரிமத்துக்கு மட்டும்தான். மயக்க மருந்துப் பகுதிக்கு அது உதவாது.

இங்கிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. உரிமம் பெற்றவர் என்ன செய்யலாம் என்பதை வேறு வேறு கைகள் எழுதுகின்றன. மாநிலச் சட்டசபை தொழிலின் எல்லையை வரைகிறது. மத்திய அரசு, மெடிகேர் பணம் வாங்கும் மருத்துவமனை எப்படி நடக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது. மருத்துவமனையின் சொந்த விதிகள் அதற்கும் கீழே இன்னொரு வேலி போடுகின்றன. ஆளுநரின் கடிதம் தொட்டது நடுவில் உள்ள வேலியை மட்டும்.

டாக்மர் நெல்சன், 1936

இந்தச் சண்டை 2010-இல் பிறந்ததல்ல. 1877-இலேயே பென்சில்வேனியாவின் ஈரி நகரில் சகோதரி மேரி பெர்னார்டு என்ற கன்னியாஸ்திரி மயக்க மருந்து கொடுக்கும் பணியை ஏற்றிருந்தார். மினசோட்டாவில் அறுவை மருத்துவர்களான மாயோ சகோதரர்களுடன் பணியாற்றிய ஆலிஸ் மகாவ், தாம் கொடுத்த 14,000 மயக்க மருந்துகளில் அதனால் ஓர் உயிரிழப்பும் நேரவில்லை என்று 1906-இல் எழுதினார். அப்போது இந்த வேலைக்குக் காசும் இல்லை, மதிப்பும் இல்லை. அறுவை மருத்துவர்களே செவிலியரைத் தேடிப் பிடித்துப் பழக்கினார்கள். வேலைக்கு மதிப்பு வந்த பிறகுதான் வழக்கும் வந்தது. 1917-இல் கென்டக்கி மேல்முறையீட்டு நீதிமன்றம், அறுவை மருத்துவரின் வழிகாட்டுதலில் செவிலியர் மயக்க மருந்து கொடுப்பது மருத்துவத் தொழில் செய்வதாகாது என்று தீர்ப்பளித்தது.

கலிஃபோர்னியாவின் முறை 1930-களில் வந்தது. பொருளாதாரப் பெருமந்தம் மருத்துவர்களின் வருமானத்தையும் விட்டுவைக்காத காலம். லாஸ் ஏஞ்சலஸின் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்மர் நெல்சன் என்ற செவிலியர் மீது, சால்மர்ஸ்-ஃபிரான்சிஸ் என்ற மருத்துவரும் சிலரும் தடை கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் வாதம் கூர்மையானது. மயக்க மருந்து கொடுப்பவர் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. நோயாளியின் கண்மணியைப் பார்க்கிறார், மூச்சைக் கவனிக்கிறார், தோலின் நிறத்தைப் பார்க்கிறார், அதை வைத்து மருந்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார். பார்த்துத் தீர்மானிப்பது நோய் கண்டறிதல். மருந்தின் அளவை மாற்றுவது மருந்து விதித்தல். இரண்டும் மருத்துவருக்கு மட்டுமே உரியவை.

விசாரணை நீதிமன்றத்தில் 1934-இல் நெல்சன் வென்றார். 1936 மே மாதத்தில் மாநில உச்ச நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. நெல்சன் செய்தவை எல்லாம் அறுவை மருத்துவரின் நேரடி வழிகாட்டுதலிலும் மேற்பார்வையிலும் நடந்தன, அறுவை அரங்குகளில் எங்கும் இதுவே வழக்கம், எனவே இது நோய் கண்டறிதலும் அல்ல, மருந்து விதித்தலும் அல்ல என்றது தீர்ப்பு.

செவிலியர்கள் கொண்டாடிய தீர்ப்பு இது. கொண்டாட்டத்தில் யாரும் கவனிக்காத ஒன்று அதற்குள் இருந்தது. செவிலியர் ஜெயித்ததற்குக் காரணமாக நீதிமன்றம் சொன்னது அவர் திறமையை அல்ல. பக்கத்தில் ஒரு மருத்துவர் இருந்ததைத்தான். அப்படியென்றால் மேற்பார்வை என்பது இந்தத் தொழிலின் சட்ட நிபந்தனையா, அல்லது அந்த வழக்கில் தற்செயலாக இருந்த ஒரு சூழ்நிலையா? 1936-இல் இதைக் கேட்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. மேற்பார்வையே இல்லாத ஒரு வழக்கு நீதிமன்றத்தின் முன் இல்லையே.

1974-இல் கலிஃபோர்னியா செவிலியர் தொழில் சட்டத்தைத் திருத்தி எழுதியது. அதன் 2725-ஆம் பிரிவின்படி, மருத்துவர், பல் மருத்துவர் அல்லது பாத மருத்துவர் உத்தரவிட்ட சிகிச்சையை நிறைவேற்றத் தேவையான மருந்துகளைச் செலுத்துவது செவிலியப் பணியிலேயே அடங்கும். உத்தரவு என்றுதான் இருக்கிறது; மேற்பார்வை என்று இல்லை. 1983-இல் மயக்க மருந்துச் செவிலியர்களுக்கெனத் தனிச் சட்டமே வந்தது. மருத்துவமனையில் அவர்களைப் பயன்படுத்த நிர்வாகமும் உரிய குழுவும் ஒப்புதல் தர வேண்டும். மருத்துவரின் விருப்பத்துக்கு உட்பட்டே பயன்படுத்த வேண்டும். தன் தொழில்முறைச் செயலுக்குச் செவிலியரே பொறுப்பு, வழக்கு வந்தால் அவரே பதில் சொல்ல வேண்டும். மேற்பார்வை என்ற சொல் அதிலும் இல்லை. அதே சட்டசபை அதே காலத்தில் செவிலியர்-மருத்துவச்சிகளுக்கான பிரிவில் மருத்துவரின் மேற்பார்வையில் என்று தெளிவாக எழுதி வைத்திருந்தது. வேண்டும் என்று நினைத்திருந்தால் எழுதத் தெரியாதவர்கள் அல்ல. 1984-இல் மாநிலத் தலைமை வழக்கறிஞரும், மருத்துவர் உத்தரவிட்டால் உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மயக்க மருந்தையும் செவிலியர் கொடுக்கலாம் என்று கருத்துரை வழங்கினார்.

ஆக, 2009-க்கு கால் நூற்றாண்டுக்கு முன்பே மாநிலச் சட்டம் இந்த நிலைக்கு வந்துவிட்டது.

மத்திய விதியும் மெடிகேர் பணமும்

அப்படியானால் ஆளுநர் எதற்குக் கடிதம் எழுத வேண்டும்? மருத்துவமனைகளின் வருமானத்தில் பெரும்பங்கு மெடிகேரிலிருந்து வருகிறது. அந்தப் பணம் வேண்டுமென்றால் மத்திய அரசின் பங்கேற்பு நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட வேண்டும். அவற்றில் ஒன்று, மயக்க மருந்துச் செவிலியரை அறுவை செய்யும் மருத்துவரோ, கூப்பிட்டவுடன் வரக்கூடிய தொலைவில் உள்ள மயக்கவியல் மருத்துவரோ மேற்பார்வையிட வேண்டும் என்பது. மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் மெடிகேரோடு தொடர்புள்ள மருத்துவமனை இதை மீற முடியாது.

இந்த நிபந்தனையை நீக்க 1997-இல் மத்திய அரசு முன்மொழிந்தது. இறுதி விதி வெளியானது 2001 ஜனவரி 18 அன்று. பில் கிளின்டன் பதவி விட்டு இறங்க இரண்டு நாள் இருந்தது. கிளின்டனின் தாயார் வர்ஜீனியா கெல்லி அர்கன்சாஸில் மயக்க மருந்துச் செவிலியராக இருந்தவர் என்பதை எதிர்ப்பாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புதிதாக வந்த புஷ் அரசு அந்த விதியை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு நவம்பர் 13 அன்று ஒரு சமரசம் வந்தது: நிபந்தனை நீடிக்கும், ஆனால் எந்த மாநில ஆளுநரும் கடிதம் எழுதி விலகிக்கொள்ளலாம். முடிவெடுக்கத் தயங்கிய மத்திய அரசு, சுமையை ஐம்பது ஆளுநர்களின் தலையில் இறக்கி வைத்தது என்று நான் படிக்கிறேன். அயோவா அந்த ஆண்டு முடிவதற்குள் முதல் மாநிலமாக விலகியது.

விலகினாலும் எல்லாம் போய்விடுவதில்லை. அறுவைக்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் நோயாளியை மதிப்பிட்டுப் பதிய வேண்டும், அறுவையின்போது பதிவேடு வைக்க வேண்டும், முடிந்த 48 மணி நேரத்துக்குள் மீண்டும் மதிப்பிட வேண்டும் என்ற விதிகள் அப்படியே இருக்கின்றன. விலகல் என்ற சொல்லைக் கேட்டவுடன் வேலியே இல்லாத வயல் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டுவதில்லை.

இந்த மேற்பார்வை நடைமுறையில் எப்படி இருக்கும் என்று ஓர் இரவை எடுத்துப் பார்ப்போம். மலைப்பகுதிக் கிராமம், 25 படுக்கைகளுக்கு மேல் வைத்துக்கொள்ள அனுமதியில்லாத சிறு மருத்துவமனை. இப்படிப்பட்டவற்றை நெருக்கடி அணுகல் மருத்துவமனை என்று மெடிகேர் வகைப்படுத்துகிறது; அடுத்த மருத்துவமனை பொதுவாக 35 மைலுக்கு அப்பால், மலைப்பாதையானால் 15 மைலுக்கு அப்பால். பிரசவ வலியில் வந்த பெண்ணின் வயிற்றில் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது. சிசேரியன் செய்தாக வேண்டும். இருப்பது ஒரு மகப்பேறு மருத்துவர், ஒரு மயக்க மருந்துச் செவிலியர். செவிலியர் அந்தப் பெண்ணைக் குனிந்து உட்கார வைத்து, முதுகெலும்பு இடைவெளியில் ஊசி இறக்கி, தெளிந்த நீர் சொட்டுவதைப் பார்த்து, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் புபிவக்கைன் மருந்தைச் செலுத்துகிறார். சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் சரிகிறது, பெண்ணுக்குக் குமட்டுகிறது. செவிலியர் ஃபினைலெஃப்ரின் கொடுக்கிறார். அழுத்தம் ஏறுகிறது, மீண்டும் இறங்குகிறது, மீண்டும் கொடுக்கிறார். இந்த நேரத்தில் மத்திய விதிப்படி அவரை மேற்பார்வையிடுபவர் யார்? இரு கைகளும் கர்ப்பப்பைக்குள் இருக்கும் மகப்பேறு மருத்துவர். திரையின் மறுபக்கம் என்ன மருந்து போகிறது என்று அவர் எட்டிப் பார்த்தால் குழந்தைக்குத்தான் ஆபத்து.

மயக்கவியலில் செவிலியரை விடக் குறைவாகப் பயிற்சி பெற்ற ஒருவர் செவிலியரை மேற்பார்வையிடுகிறார் என்று தாளில் எழுதிக்கொள்வதால் யாருக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்விக்கு, மயக்கவியல் மருத்துவர் தரப்பிலிருந்து எனக்கு நிறைவான பதில் கிடைத்ததில்லை. அவர்களுடைய உண்மையான வாதம் வேறு: மயக்கவியல் மருத்துவரே அங்கே இருக்க வேண்டும் என்பது. அது நியாயமான விருப்பம். ஆனால் நீக்கப்பட்ட விதி அதைக் கேட்கவே இல்லையே. இன்னொரு பக்கம், மேற்பார்வையாளர் என்று பெயர் ஒட்டிக்கொண்டால் பழியும் தன் தலையில் விழுமோ என்று அறுவை மருத்துவர்கள் அஞ்சினார்கள். இந்த அச்சத்துக்கும் சிற்றூர்களுக்கு அறுவை மருத்துவர்கள் வராததற்கும் தொடர்பு உண்டு.

மேற்பார்வையையும் பில் போடுவதையும் ஒன்றாகக் கலப்பது இன்னொரு வழக்கமான பிழை. மெடிகேர் பில்லில் ஏஏ என்று போட்டால் மயக்கவியல் மருத்துவர் தாமே செய்தார் என்று பொருள். ஒரே நேரத்தில் இரண்டு முதல் நான்கு அரங்குகளை அவர் மருத்துவ நெறிப்படுத்தல் செய்தால் கியூகே. அவருக்குக் கீழே வேலை செய்த செவிலியரின் பில்லில் கியூஎக்ஸ். கட்டணம் ஆளுக்குப் பாதி. நெறிப்படுத்தல் இல்லாமல் செவிலியர் செய்தால் கியூஇசட். முழுத் தொகையும் அந்தப் பில்லுக்கே. நெறிப்படுத்தல் என்று பில் போட ஏழு நிபந்தனைகள் உண்டு: முன்பரிசோதனை, மயக்கத் திட்டம் வகுத்தல், மயங்கும்போதும் தெளியும்போதும் நேரில் இருத்தல், இடையிடையே வந்து பார்த்தல் என்று பட்டியல் நீளும். ஒன்று தவறினாலும் அந்தப் பில் செல்லாது. இவை எல்லாம் பணம் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும் விதிகள். செவிலியர் என்ன செய்யலாம் என்பதை இவை தீர்மானிக்கவில்லை. ஆளுநரின் கடிதம் இவற்றைத் தொடவும் இல்லை.

தீர்ப்பு

2010-இல் தொடுத்த வழக்கில் சங்கங்கள் வைத்த வாதம் நேரானது. மாநிலச் சட்டத்துக்கு ஒத்துப்போகிறது என்று ஆளுநர் சான்றளித்தார். ஆனால் கலிஃபோர்னியா சட்டம் மேற்பார்வையைக் கேட்கிறது. ஆகவே சான்று தவறு. விசாரணை நீதிமன்றம் அந்த ஆண்டே ஆளுநர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு நடக்கையில் ஆளுநர் மாறி ஜெர்ரி பிரவுன் வந்துவிட்டார். அதனால்தான் ஸ்வார்ஸ்நேகர் எழுதிய கடிதத்தைப் பற்றிய வழக்கு பிரவுன் பெயரில் சட்ட நூல்களில் ஏறியது. 2012 மார்ச் மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சங்கங்களின் மனுவை நிராகரித்தது. மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்ததோடு கதவு மூடப்பட்டது.

நீதிமன்றம் சொன்னதன் சாரம்: மருத்துவரின் உத்தரவின் பேரில் மயக்க மருந்து செலுத்தச் செவிலியருக்கு மாநிலச் சட்டம் அனுமதி தருகிறது; அதற்கு மேல் மேற்பார்வை என்ற நிபந்தனையை அது விதிக்கவில்லை. எனவே கடிதத்தின் மூன்றாவது வரி சரி.

இந்தத் தீர்ப்பில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். செவிலியரா மருத்துவரா, யார் பாதுகாப்பு என்று நீதிமன்றம் எடை போடவில்லை. அது அதன் வேலையும் அல்ல. ஆய்வுகளை அள்ளி வந்து கொட்டுகிறவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். 2000-இல் வெளியான ஆய்வு ஒன்று, பென்சில்வேனியாவின் 217,440 மெடிகேர் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து, மயக்கவியல் மருத்துவரின் நெறிப்படுத்தல் இல்லாதவர்களில் ஆயிரத்துக்கு 2.5 மரணங்கள் கூடுதல் என்றது. 2010-இல் வெளியான இன்னொன்று, 481,440 மருத்துவமனைச் சேர்க்கைகளை ஆராய்ந்து, விலகிய மாநிலங்களில் தீங்கு எதுவும் கூடவில்லை என்றது. முதலாவது, பில்களை வைத்து நெறிப்படுத்தலை ஊகித்தது. இரண்டாவதுக்குப் பணம் கொடுத்தது மயக்க மருந்துச் செவிலியர் சங்கம். 2014-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு எல்லாவற்றையும் அலசிவிட்டு, திட்டவட்டமாக எதையும் சொல்ல முடியாது என்று கைவிரித்தது. மேடையில் ஒரே ஓர் எண்ணைத் தூக்கிப் பிடிப்பவரைக் கண்டால் எனக்கு அவநம்பிக்கை வந்துவிடுகிறது.

கொலராடோவில் ஏறக்குறைய இதே வழக்கு வேறு உருவத்தில் நடந்தது. அங்கே ஆளுநர் பில் ரிட்டர் 2010-இல் கிராமப்புற மருத்துவமனைகளுக்கும் நெருக்கடி அணுகல் மருத்துவமனைகளுக்கும் மட்டும் விலகினார். மாநில உச்ச நீதிமன்றம் 2015-இல், ஆளுநரின் இத்தகைய சான்றில் அப்பட்டமான அதிகார மீறல் இருந்தால் ஒழிய நீதிமன்றம் தலையிடாது என்றது. கலிஃபோர்னியா நீதிமன்றம் அப்படி ஒதுங்கவில்லை. சட்டத்துக்குள் இறங்கிப் பொருள் சொன்னது. அதனால்தான் அதற்கு மதிப்பு அதிகம் என்று நினைக்கிறேன். அதனால்தான் அதன் இடைவெளியும் கூடுதலாகக் கண்ணில் படுகிறது.

உத்தரவு எவ்வளவு நீளம்

மேற்பார்வை வேண்டாம், உத்தரவு போதும் என்றது தீர்ப்பு. சரி, உத்தரவு என்றால் என்ன? இந்த நோயாளிக்கு மயக்க மருந்து கொடுங்கள் என்று ஒரு வரி எழுதினால் போதுமா? எந்த மருந்து, எவ்வளவு, எந்த வழியில் என்று மருத்துவர் ஒவ்வொன்றாக எழுத வேண்டுமா? மேலே பார்த்த சிசேரியனில் மூன்றாவது முறை கொடுத்த ஃபினைலெஃப்ரினுக்கு மூன்றாவது உத்தரவு இருந்ததா?

2012 தீர்ப்பு இதைத் தீர்க்கவில்லை. யாரும் அதைக் கேட்கவில்லை. நடைமுறை அந்த இடத்தைத் தானாக நிரப்பிக்கொண்டது. பெரும்பாலான இடங்களில் அறுவைக்கான ஒப்புதலோடு மயக்க மருந்துக்கான வேண்டுகோளும் போகும்; மருந்தைத் தேர்ந்தெடுப்பது செவிலியரின் பொறுப்பு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

2024-இல் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையின் ஆய்வாளர்கள் மத்தியப் பள்ளத்தாக்கில் உள்ள மொடெஸ்டோ பகுதி மருத்துவமனைகளுக்குள் வந்தபோது அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. செவிலியர்கள் தங்கள் தொழில் எல்லையைத் தாண்டிச் செயல்பட்டார்கள் என்று குறிப்பு எழுதினார்கள். அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரே மாதிரி வேலை செய்து வந்தவர்கள் திடீரெனத் தவறு செய்தவர்களாக நின்றார்கள். சட்டம் ஒரு வரியும் மாறவில்லை. அதைப் படித்த கண்கள் மட்டும் மாறின. விலகல் கடிதம் கையில் இருந்தும் அது ஒன்றுக்கும் உதவவில்லை, ஏனென்றால் ஆய்வாளர்கள் பிடித்தது மத்திய நிபந்தனையை அல்ல, மாநிலத் தொழில் எல்லையை.

இதில் துறையின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் மருந்துச் சீட்டு எழுதும் தனி அதிகாரம் மயக்க மருந்துச் செவிலியருக்குக் கிடையாது. செவிலியர் மருந்தைத் தேர்ந்தெடுத்துத் தாமே செலுத்தினால், விதித்ததும் செலுத்தியதும் ஒருவரே ஆகிவிடுகிறாரே என்று ஓர் ஆய்வாளர் கேட்டால் அது விதண்டாவாதம் அல்ல. 1934-இல் நெல்சனுக்கு எதிராக வைத்த வாதத்தின் பேரன் அது. ஆனால் அதை ஆய்வுக் குறிப்பின் வழியாகத் தீர்க்கப் பார்த்தது தவறு. முடிவு தெரியும்வரை நோயாளியின் அறுவை நாள் அல்லவா தள்ளிப்போகிறது.

2025-இல் மாநிலச் சட்டசபைக்கு வந்த 876-ஆம் எண் மசோதா இந்த ஓட்டையைக் குறிவைத்து எழுதப்பட்டது: மயக்கச் சேவைக்கென மருத்துவர் ஒரு நோயாளிக்கு இடும் உத்தரவிலேயே, மருந்தைத் தேர்ந்தெடுத்துச் செலுத்தும் அனுமதியும் அடங்கும் என்று சட்டத்தில் எழுத்தாக்குவதே அதன் நோக்கம். இத்தனை ஆண்டுக்குப் பிறகாவது கேள்வி அது சேர வேண்டிய இடத்துக்கு வந்தது. ஆளுநர் கடிதமும் நீதிமன்றமும் ஆய்வாளரும் செய்ய முடியாததைச் செய்ய உரிமை பெற்றது சட்டசபை மட்டுமே.

கலிஃபோர்னியாவில் இந்த வேலைக்குப் போகிற செவிலியர் ஒருவர் என்னிடம் கேட்டால், விலகிய மாநிலமா என்று முதலில் பார்க்காதீர்கள் என்பேன். விலகிய மாநிலங்கள் இப்போது இருபதுக்கு மேல். அந்தப் பட்டியல் இணையத்தில் எங்கும் கிடைக்கும். சேரப்போகும் மருத்துவமனையின் மயக்கவியல் துறை விதிகளைக் கேட்டு வாங்குங்கள். 1983 சட்டம் நிர்வாகத்துக்கும் குழுவுக்கும் கொடுத்த ஒப்புதல் அதிகாரம் அங்கேதான் உருவம் பெறுகிறது. சட்டம் தருவதை விடக் குறைவாகத் தர மருத்துவமனைக்கு உரிமை உண்டு. பல மருத்துவமனைகள் விலகல் மாநிலத்தில் இருந்துகொண்டே மேற்பார்வையைத் தங்கள் விதியில் வைத்திருக்கின்றன. உத்தரவு யார் எழுதுகிறார், எந்தப் படிவத்தில், அறுவையின் நடுவில் மருந்து மாறினால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுதித் தரச் சொல்லுங்கள். தொழில்முறைக் காப்பீட்டுத் தாளையும் எடுத்து வையுங்கள். ஊழியராகச் சேராமல் ஒப்பந்தத்தில் வருகிற செவிலியரிடம் அதைக் கேட்க அதே 1983 சட்டம் மருத்துவமனைக்கு உரிமை கொடுத்திருக்கிறது.